பாதிக் கேள்வி அக்கா

எங்கள் ஊரில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை ஒருவர் ஐந்து தடவைதான் எழுதலாம். ஆறாவது தடவை விண்ணப்பம் போட்டால் கணினியே வாங்காது. இந்த விதியை எழுதியவர் யாரோ, அவர் வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளை யாரும் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். என் அக்கா மகள் நான்கு தடவை எழுதிவிட்டாள். ஐந்தாவதுக்கு முந்தின நாள் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் இன்னும் குட்டிதான். தெருவில் டாக்டரம்மா. பதினெட்டு வயதில் முதல் தடவை எழுதப் போனபோது மாடி வீட்டுக்காரர் ஆசையாக வைத்த பேர் அது. அடுத்த வருஷம் அந்தப் பேரோடு ஒரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது வருஷத்திலிருந்து குட்டி பின்பக்கத் தெருவைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வர ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் கூடுதல் நடை. கேட்டால், "அந்தப் பக்கம் நிழல் இருக்கு சித்தி" என்பாள். மழைக்காலத்தில் என்ன நிழல் வேண்டிக்கிடக்கிறது என்று நானும் கேட்டதில்லை.

கடை என்றால் மருந்துக்கடை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, பல் டாக்டர் மாடியில், நான் கீழே. இருபத்தெட்டு வருஷமாக நடத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் இல்லாமல் போயிற்று என்று நான் சொல்வேன், பொறுமை இல்லாமல் போயிற்று என்று என் அக்கா சொல்வாள். இரண்டாவது தடவை தோற்ற பிறகு குட்டி காலையில் டியூஷன், மதியம் என் கடை என்று ஆனாள். வீட்டில் இருந்தால் அம்மாவின் பெருமூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம்.

என் கடையில் ஒரு விதி உண்டு. ஒருவர் மருந்தை எடுத்து வைக்க வேண்டும். இன்னொருவர் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பேரும் எத்தனை மில்லிகிராம் என்பதும். பிறகுதான் அது வாங்க வந்தவர் கைக்குப் போகும். எத்தனை கூட்டம் இருந்தாலும் சரி, வந்தவர் முகத்தைச் சுளித்தாலும் சரி. குட்டி எடுப்பாள், நான் படிப்பேன்.

முதல் தடவை அவளுக்கு அறுபத்தொரு மார்க் குறைந்தது. அடுத்த தடவை முப்பது. மூன்றாவது தடவை பன்னிரண்டு. அடுத்த வருஷம் நிச்சயம் என்று ஊரே சொல்லிற்று, நானும் சொன்னேன். நான்காவது தடவை பதினான்கு குறைந்தது. ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து படித்து இரண்டு மார்க் பின்னால் போயிருந்தாள். அன்று அவள் அப்பா, லிப்ட் மெக்கானிக், ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டினார். அக்கா அதற்குப் பிறகு பரீட்சை என்ற வார்த்தையையே வீட்டில் எடுப்பதில்லை. "அது எப்போ?", "அதுக்கு எத்தனை நாள் இருக்கு?" என்றுதான் கேட்பாள். ஏதோ தீராத நோயைப் பற்றி விசாரிப்பது மாதிரி இருக்கும்.

என்னையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்காவது முடிவு வந்த மறுநாள், மருந்தாளுநர் படிப்புக்கான விண்ணப்பத்தை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"படிச்சு முடிச்சுட்டு இந்தக் கடைய எடுத்துக்கோ. எனக்கு அப்புறம் யாரு இருக்கா?"

அவள் அதை முழுக்கப் பார்க்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "அஞ்சாவதையும் எழுதிடறேன் சித்தி. அதுவும் போச்சுன்னா நீங்க சொல்றபடி கேக்கறேன்."

அவள் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தோற்றால் என்ன, கெட்டா போய்விடும் என்று மனதில் ஒரு மூலையில் நினைத்தேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பரீட்சை மாதம் வந்துவிட்டால் அவள் விரல் நுனிகளில் தோல் உரிய ஆரம்பிக்கும். களிம்பு நான்தான் கொடுப்பேன். மாதிரித் தேர்வு இருக்கும் நாளில் காலையில் எதுவும் உள்ளே இறங்காது, இறங்கினாலும் தங்காது. இவ்வளவுக்கும் பாடத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. டியூஷன் வாத்தியாரே என்னிடம் வந்து புலம்பினார். "எல்லாமே தெரியுதுங்க. எங்க போகுதுன்னுதான் தெரியல."

டியூஷனில் அவளைவிட நான்கு வயது குறைந்த பிள்ளைகள் அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள், பாதிக் கேள்வி அக்கா. இடைவேளையில் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பழைய வினாத்தாள்களிலிருந்து ஒரு கேள்வியைப் படிக்கத் தொடங்குவார்கள். நான்கு வார்த்தை போவதற்குள் "சி" என்று விடை சொல்லிவிடுவாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒருநாள் புத்தகம் கொடுக்கப் போனபோது நானே நின்று பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வந்து பல் டாக்டரிடம் வேறு பீற்றிக்கொண்டேன். நான்கு வருஷம் ஒரே கேள்வி வங்கியைப் புரட்டினால் யாருக்கும் அது வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை ஒன்பதுக்குப் பரீட்சை. அன்று கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்து நின்றாள். வீட்டில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை வேலை இருந்தால் தேவலை என்றாள். சரி, நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டேன். நுழைவுச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலேயே வைத்திருந்தாள். அரைமணிக்கு ஒரு தடவை பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்தாள்.

மூன்றரை மணிக்குக் கூட்டம். நான் உள்ளறையில் சரக்கு கொண்டுவந்தவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ ஒரு மருந்துச் சீட்டுக்கு எடுத்து வைத்து, "சித்தி, படிங்க" என்று குரல் கொடுத்தாள். நான் அங்கிருந்தே, "நீயே பாத்துக் குடுத்துடு, உனக்கு நேரமாச்சு" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும் என்ற பாசத்தில் சொன்னது. அந்தப் பாசத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலு மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டாள். நான் அலமாரியைச் சரிசெய்யப் போனேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஒரு மாத்திரை, அது ஒரு மில்லிகிராமிலும் வரும், ஐந்திலும் வரும். கம்பெனிக்காரன் அந்த வாரம்தான் பெட்டியின் நிறத்தை மாற்றியிருந்தான். இதுவரை ஒரு மில்லிகிராமுக்கு நீலக் கோடு. இப்போது நீலக் கோடு ஐந்துக்கு. ஏன் மாற்றினான், அவனுக்குத்தான் வெளிச்சம். அறிவிப்புத் தாளை நான் சுவரில் ஒட்டியிருந்தேன், குட்டியிடமும் சொல்லியிருந்தேன். இப்போது பார்த்தால் ஒரு மில்லிகிராம் பெட்டி பிரிக்கவே இல்லை. ஐந்து மில்லிகிராம் பெட்டியில் சில அட்டைகள் குறைந்தன. அன்று ஐந்துக்கு ஒரு சீட்டுகூட வரவில்லை.

"குட்டி, இத யாருக்காவது குடுத்தியா?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "மூணரைக்கு ஒரு அம்மா வந்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு. ஒரு மில்லிகிராம், சாயங்காலம் ஆறு மணிக்கு மூணு." உறையின் மேல் அவளே அழகான எழுத்தில் அதை எழுதியும் கொடுத்திருந்தாள்.

மூன்றுக்குப் பதில் பதினைந்து. ஒரே வேளையில் ஆள் போய்விட மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து போட்டால் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வயசானவர், எங்காவது இடித்துக்கொண்டால் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். சீட்டு எழுதிய டாக்டர் பேர் அவளுக்கு நினைவிருந்தது. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. சீட்டை அந்த அம்மா திரும்ப வாங்கிப் போயிருந்தார். புதிய முகம், போன் நம்பரும் கிடையாது.

"நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எப்படிப் பாப்பீங்க? மூஞ்சி எனக்குத்தான தெரியும்?"

"நாளைக்கு உனக்குப் பரீட்சைடி!"

"அவருக்கு ஆறு மணிக்கு மாத்திரை சித்தி."

ஷட்டரை இறக்கினேன். மணி நாலு இருபது.

அந்த அம்மா கையில் ஒரு லாண்டரி ரசீது வைத்திருந்தார் என்று குட்டிக்கு நினைவு வந்தது. "லாண்டரிக்கு வேற போகணும், சீக்கிரம் குடும்மா" என்று அவசரப்படுத்தினாராம். நடக்கும் தூரத்தில் லாண்டரி இரண்டு. முதலாவது பெட்ரோல் பங்க் பக்கத்தில். அங்கே இருந்தவர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ரசீதுப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசியில் "இன்னிக்கு பொம்பளைங்க யாருமே வரலியே" என்றார். இதைப் புத்தகம் இல்லாமலே சொல்லியிருக்கலாம். பதினைந்து நிமிஷம் போயிற்று.

இரண்டாவது பேருந்து நிலையத்துக்குப் பின்னால். நான் ஓடி எத்தனை வருஷம் ஆயிற்றோ. மூச்சு வாங்க உள்ளே போனபோது மணி ஐந்து ஆகப் பத்து நிமிஷம். நீராவியில் கடையே புகைந்துகொண்டிருந்தது. லாண்டரிக்காரர் கோட் ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். குட்டி அடையாளம் சொன்னாள். அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் சொல்ல மாட்டேன் என்றார்.

"யாரு எவருன்னு தெரியாம ஒருத்தங்க வீட்டு விலாசத்த எப்படிங்க குடுக்கறது? போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் சொந்தக்காரன்னு வந்தான். கடன் வசூல் பண்றவன். எனக்குப் பெரிய பொல்லாப்பு."

"என்னப் பாத்தா கடன் வசூல் பண்றவ மாதிரியா இருக்கு?" என்று கத்தினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் அப்படித்தான் இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்திருப்பேன். அதற்குள் குட்டி பையைத் திறந்தாள். அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, இது நாளைக்குப் பரீட்சைக்கு என் நுழைவுச் சீட்டு. இது இல்லன்னா உள்ள விட மாட்டாங்க. எனக்கு இதுதான் கடைசி தடவை. இத நீங்க வச்சுக்கோங்க. நான் தப்பான மாத்திரைய குடுத்துட்டேன். மாத்திட்டு வந்து வாங்கிக்கறேன்."

அடிப்பாவி, எதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறாள்! எடு என்ற சொல் வாய் வரை வந்தது. லாண்டரிக்காரர் சீட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு விலாசத்தைச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மஞ்சள் கட்டடம், ஐந்தாவது மாடி, இடப்பக்கம். கணவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். "ஆறரைக்குக் கடைய மூடிடுவேன்மா" என்று பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார். சீட்டை அவரிடமே விட்டுவிட்டு ஓடினோம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பேருந்து பிடித்தோம். சனிக்கிழமை சாயங்கால நெரிசல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் சாமான் மூட்டையோடு இறங்கினார், ஒருவர் சில்லறை தேடினார். குட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உரிந்த விரல் நுனியில் ரத்தம் கசிந்தது, அவள் கவனிக்கவில்லை. நான் பேருந்தின் முன்பக்கத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மஞ்சள் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. அவள் அப்பாவை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன், பாவம், அந்த லிப்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்றாவது மாடியில் என் முழங்கால் நின்றுவிட்டது. குட்டி நிற்கவில்லை. மேலே அவள் கதவைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளர். அந்தப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆக மூன்று நிமிஷம்.

"அதப் போடாதீங்க ஐயா. நான் மாத்திக் குடுத்துட்டேன்" என்று குட்டி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சரியான அட்டைகளைக் கொடுத்தேன். அவர் மாத்திரைகளை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். அந்த அம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பிடித்துக்கொண்டார். "இது யாரு பண்ண வேலை? மருந்துக்கடையா இல்ல வேற ஏதாவதா? இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

கம்பெனிக்காரன் நிறத்தை மாற்றிவிட்டான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். குட்டி முந்திக்கொண்டாள்.

"நான்தான்மா. பெட்டில போட்டிருந்தத நான் படிக்கல. நீலம் பாத்தேன், எடுத்துக் குடுத்துட்டேன்."

"படிச்சுச் சரிபாக்க வேண்டியது நான். நானும் படிக்கல" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார் அந்த அம்மா. கொடுத்தார். அதிகாரி வந்தார், எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது, அது இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எனக்கு வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா மேல் எனக்குக் கோபமும் இல்லை. என் வீட்டுக்காரராக இருந்தால் நான் கடையைக் கொளுத்தியிருப்பேன்.

லாண்டரிக்குத் திரும்பியபோது ஆறரையைத் தாண்டிவிட்டது. ஷட்டர் முக்கால்வாசி இறங்கிக் கிடந்தது. குட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நான் குனிந்து, என் வயசில் செய்யக்கூடாத மாதிரி குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்தேன். இஸ்திரி போட்ட கோட்டுகளின் வரிசையில், இரண்டு கோட்டுக்கு நடுவே, ஒரு ஹேங்கரில் கிளிப் போட்டு நுழைவுச் சீட்டு தொங்கியது. அதில் ஒரு ரசீது எண் வேறு குத்தியிருந்தது. லாண்டரிக்காரர் அதன் கீழே ஸ்டூலில் காத்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டாரா?" என்று கேட்டார்.

"போடல" என்றாள் குட்டி. அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நாளைக்கு இவள் எழுதின மாதிரிதான் என்று நான் உள்ளுக்குள் புலம்பிக்கொண்டு வந்தேன். தலை வலிக்கும், தூக்கம் வராது, ஐந்து வருஷ உழைப்பு ஒரு நீலக் கோட்டில் போயிற்று.

திடீரென்று, "சித்தி, பரீட்சையிலயும் நான் இததான் பண்றேன்" என்றாள்.

"எத?"

"கேள்வியப் படிக்கறதே இல்ல. முதல் நாலு வார்த்தை பாத்ததும் இது அந்தக் கேள்வின்னு தெரிஞ்சுடும். விடைய போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடறேன். கடைசி வரிய மாத்தியிருப்பாங்க. 'எது சரி'ன்னு இருந்தத 'எது சரியில்ல'ன்னு ஆக்கியிருப்பாங்க. எனக்குத் தெரியாத கேள்வில எனக்கு மார்க் போகல சித்தி. தெரிஞ்ச கேள்விலதான் போகுது."

டியூஷன் பிள்ளைகள் கைதட்டினதும் நான் பூரித்துப்போய் நின்றதும் நினைவுக்கு வந்தது. நான்கு வருஷமாக அவள் எதைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தாளோ அதுதான் அவள் கையை வெட்டிக்கொண்டிருந்தது. களிம்பை எடுத்து அவள் விரலில் தடவினேன்.

மறுநாள் பரீட்சை மூன்று மணி நேரம். வாசலில் நானும் அத்தானும் நின்றோம். அவர் கையில் எதையாவது கழற்றி மாட்ட வேண்டும் போலிருக்கிறது, பாவம், பேனா மூடியைத் திருகித் திருகி உடைத்தே விட்டார். முதல் தடவை எழுத வந்த பிள்ளைகளின் பெற்றோர் குடையும் புத்தகமுமாகக் கலகலப்பாக இருந்தார்கள். எங்களைப் போல ஐந்தாவது தடவை வந்தவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். யாரோடும் பேசாமல் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். குட்டி கடைசியாக வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பதினேழு கேள்வி பாக்கவே இல்லப்பா" என்றாள். "ஒவ்வொண்ணா விரல் வச்சு முழுக்கப் படிச்சேன். நேரம் பத்தல."

அத்தான் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவது மாதிரி எல்லாப் பையிலும் கையை விட்டார். சாவி கையில்தான் இருந்தது. இதுவரை எந்தத் தடவையும் அவள் ஒரு கேள்வியைக்கூட விட்டதில்லை. பதினேழு! ஏன்டி, இத்தனை வருஷம் வேகமாகப் படிக்காமல் எழுதினாய், இன்றைக்குப் பார்த்துத்தானா உனக்கு ஞானோதயம் வரவேண்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. மென்று விழுங்கினேன். என் வாழ்நாளில் நான் விழுங்கின சொற்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் அதுவும் ஒன்று.

முடிவு வர ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். அக்கா இளைத்துப்போனாள். வீட்டில் போன் அடித்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். மருந்தாளுநர் படிப்புக்கான விண்ணப்பத்தைக் குட்டி தானாகவே எடுத்துப் பூர்த்தி செய்து என்னிடம் கொடுத்தாள், ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்து. நான் ஆசைப்பட்டது கையில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் தபாலில் போட எனக்குக் கை வரவில்லை. இன்றைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று ஏழு வாரத்தையும் ஓட்டிவிட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு முடிவு வந்தது. கடையின் உள்ளறையில், குளிர்பதனப் பெட்டிக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே, குட்டி போனை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் வேலையிலிருந்து நேராகக் கருவிப் பையோடு வந்திருந்தார். பக்கம் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். திறந்தது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள், எண், பேர், அப்பா பேர், மார்க், தகுதிக்கான மார்க். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். எனக்குப் பொறுமை போய் போனைப் பிடுங்கினேன்.

வேண்டியதற்கு மேல் நான்கு மார்க் இருந்தது. பதினேழு கேள்வியை விட்டும் நான்கு மார்க் அதிகம்.

அத்தான் அப்படியே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே சத்துமாவு டின்கள், ஒன்றிரண்டு நசுங்கியிருக்கும், நசுங்கட்டும். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் அழுகைதான் கேட்டது, நானும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாடியிலிருந்து பல் டாக்டர் என்ன சத்தம் என்று இறங்கி வந்தார். ஏழு வாரம் அடக்கி வைத்திருந்த அத்தனையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

எல்லாம் அடங்கின பிறகுதான் குட்டியைத் தேடினேன். உள்ளறையில் கை கழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கை நடுங்கிற்று.

"என்னடி? இப்ப எதுக்கு அழுகை? அதான் முடிஞ்சுதே!"

"அழல சித்தி. பயமா இருக்கு."

"இன்னும் என்ன பயம் உனக்கு?"

அவள் குழாயை மூடினாள். "இத்தன நாள் நான் தப்பு பண்ணா மார்க்தான் போச்சு. இனிமே?" என்றாள். "அந்தப் பெரியவர் உள்ளங்கைய நீட்டிட்டு என்னையே பாத்தார் சித்தி. எனக்கு அது மட்டும்தான் கண்ணுல நிக்குது."

அதெல்லாம் படிக்கப் படிக்கச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஈரமாக இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையும் அவள் கையைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் உணர்ந்திருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும்தான் குட்டி. தினமும்" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.